கிங்ஸ்டன் அயர்ன்கீ வால்ட் பிரைவசி 80 என்ற பாஸ்வேர்ட் பூட்டுள்ள வெளிப்புற டிஸ்க்: ஏழு மாதம் பையில் வைத்துச் சுற்றிய பிறகு

போன வருஷம் ஜூலை கடைசியில் எங்கள் ஆடிட்டர் ஆபீஸில் சி.ஏ. பயிற்சிக்கு இருக்கும் ஆர்ட்டிகிள் ஒருவர் கரூரில் ஆடிட் முடித்துவிட்டுத் திருச்சிக்குப் பஸ் ஏறினார். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது தோள்பையை எடுத்தவர், தலைக்கு மேலே கம்பித் தட்டில் வைத்திருந்த துணிப்பையை மறந்துவிட்டார். அதில் இருந்தவை ஒரு டிபன் பாக்ஸ், ஒரு சார்ஜர், ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க்.

டிபன் பாக்ஸ் போனால் போகட்டும். அந்த டிஸ்க்கில் மூன்று வருஷ டேலி பேக்கப் இருந்தது, பேங்க் ஸ்டேட்மெண்ட் எல்லாம் இருந்தது, அதைவிட முக்கியமாக அந்த டெக்ஸ்டைல் கம்பெனியில் வேலை பார்க்கும் அத்தனை பேருடைய சம்பளப் பட்டியலும் பான் கார்டு, ஆதார், பாஸ்புக் முதல் பக்கம் என்று ஸ்கேன் செய்த நகல்களும் ஒரே ஃபோல்டரில் பெயர் வாரியாக அடுக்கி இருந்தன. பாஸ்வேர்ட் எதுவும் கிடையாது. கேபிளைச் செருகினால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

நான்கு நாள் கழித்து பஸ் ஸ்டாண்ட் டைம் ஆபீஸில் பை கிடைத்தது. டிஸ்க்கும் உள்ளே இருந்தது, டிபன் பாக்ஸ்கூட இருந்தது. எடுத்து வைத்துக் கொடுத்த கண்டக்டருக்கு இன்றைக்கும் நன்றி. ஆனால் அந்த நான்கு நாளில் அதை யாராவது ஒரு கம்ப்யூட்டரில் போட்டுக் காப்பி எடுத்தார்களா என்பதை யாராலும் சொல்ல முடியாது, காப்பி எடுத்தால் டிஸ்க்கில் கீறல் எதுவும் விழாது. எங்கள் ஆடிட்டர் சார் கிளையண்டுக்குத் தானே போன் செய்து நடந்ததைச் சொன்னார். நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவன் நான், இதை முன்னாடியே செய்திருக்க வேண்டியவனும் நான்தான்.

2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு செய்யாமல் தரவு வெளியே போனால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம் என்று இருக்கிறது. எங்களைப் போன்ற சின்ன ஆபீஸுக்கு அந்த எண்ணெல்லாம் கற்பனைக்கு எட்டாதது. எனக்கு உறுத்தியது வேறு. தறியில் வேலை பார்க்கும் ஒரு அம்மாவுடைய ஆதாரும் கையெழுத்தும் நம்மை நம்பித்தான் அங்கே இருந்தன, அவருக்கு எங்கள் ஆபீஸ் பெயர்கூடத் தெரியாது.

சரி, என்ன செய்வது? முதலில் காசு செலவில்லாத வழிகளைத்தான் பார்த்தேன். டிஸ்க்கைப் பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டும் சாஃப்ட்வேர்கள் உண்டு, விண்டோஸ் புரோவில் பிட்லாக்கர் டு கோ இருக்கிறது, அப்புறம் இலவசமாகக் கிடைக்கும் வெராகிரிப்ட் இருக்கிறது. இரண்டுமே நல்லவை, இரண்டையும் இன்றைக்கும் ஆபீஸில் பயன்படுத்துகிறோம். ஆனால் ஆடிட்டுக்குப் போகும் இடத்தில் இரண்டும் சரிப்படவில்லை. கிளையண்ட் கம்ப்யூட்டரில் நமக்கு அட்மின் உரிமை தர மாட்டார்கள், வெராகிரிப்டை நிறுவாமல் அப்படியே ஓட்டுவதற்குக்கூட அந்த உரிமை வேண்டும். பிட்லாக்கர் போட்ட டிஸ்க் விண்டோஸ் ஹோமில் திறக்கும், ஆனால் டிசைன் பிரிவில் இருக்கும் மேக்கில் திறக்காது. இதையெல்லாம்விடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. ஊரார் கம்ப்யூட்டரின் கீபோர்டில் நம் பாஸ்வேர்டைத் தட்டுகிறோம். அந்தக் கம்ப்யூட்டரில் என்னென்ன வைரஸ் குடியிருக்கிறது, எவன் எழுதிய கீலாகர் (தட்டுவதையெல்லாம் திருட்டுத்தனமாகப் பதிவு செய்யும் புரோகிராம்) ஓடுகிறது என்று யார் கண்டது? கணக்குப் பிரிவில் பத்து வருஷமாக ஃபார்மேட் செய்யாத விண்டோஸ் 7 பெட்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பாஸ்வேர்டை டிஸ்க்கிலேயே தட்ட வேண்டும், கம்ப்யூட்டருக்கு அது தெரியவே கூடாது. டிஸ்க்கே தன்னிடம் இருப்பதை உருமாற்றிப் பூட்டிக்கொள்ளும் ஹார்ட்வேர் என்கிரிப்ஷன் பக்கம் நான் போனதற்குக் காரணம் இதுதான்.

அங்கேயும் முதல் அடி சறுக்கியது. நல்ல பிராண்டுகளின் விலையைப் பார்த்துவிட்டு, ஆன்லைனில் பாதிக்குப் பாதி விலையில் கிடைத்த, கீபேட் வைத்த ஒரு டிஸ்க் பெட்டியை வாங்கினேன். அட்டையில் பெரிய எழுத்தில் ஏஇஎஸ்-256 என்று, அதாவது தரவைப் பூட்டும் என்கிரிப்ஷன் முறையின் பெயர், போட்டிருந்தது. எண்ணைத் தட்டினால்தான் டிரைவ் கம்ப்யூட்டரில் தெரிகிறது, தட்டாவிட்டால் தெரியாது. பார்க்க எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. சோதனைக்கு என்று ஐந்து போட்டோவும் ஒரு எக்செல் ஃபைலும் போட்டுப் பூட்டினேன். பின்பக்கம் ரப்பர் கால்களைப் பிய்த்தால் நான்கு சின்ன ஸ்டார் ஸ்க்ரூ. கழற்றினேன். உள்ளே சாதாரண 2.5 அங்குல சாட்டா டிஸ்க் ஒன்று, அதன் தலையில் செருகிய ஒரு பச்சை போர்டு. டிஸ்க்கை மட்டும் உருவி, மேஜை டிராயரில் கிடந்த சாட்டா டு யூஎஸ்பி கேபிளில் மாட்டி என் லேப்டாப்பில் செருகினேன். ஒரு டிரைவ் எழுத்து வந்தது, அதைத் திறந்தால் ஐந்து போட்டோவும் எக்செல் ஃபைலும் பல்லை இளிக்கின்றன! பாஸ்வேர்ட் கேட்கவே இல்லை. மொத்தமே பத்து நிமிஷ வேலை, ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்தால் போதும்.

அதாவது அந்தக் கீபேட் வாசலில் நிற்கும் வாட்ச்மேன் மட்டும்தான். வாட்ச்மேனைச் சுற்றிக்கொண்டு கொல்லைப்புறமாகப் போனால் வீடு திறந்து கிடக்கிறது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம், அட்டையில் எழுதியிருக்கும் ஏஇஎஸ்-256 என்பதை வைத்து யாரும் பொருள் வாங்கிவிடக் கூடாது என்பதுதான். ஏஇஎஸ் நல்ல பூட்டு. பெல்ஜியம்காரர்களான யோவான் டேமனும் வின்சென்ட் ரைமனும் உருவாக்கிய முறை, 2001-இல் அமெரிக்க அரசு தரமாக ஏற்றுக்கொண்டது, இன்றுவரை அதை நேரடியாக யாரும் உடைக்கவில்லை. உடைவதெல்லாம் அதைச் சுற்றி இருப்பவைதான். சாவி எங்கே இருக்கிறது, பாஸ்வேர்ட் சரியா தப்பா என்று யார் முடிவு செய்கிறார்கள், அந்தப் பாஸ்வேர்ட் இல்லாமல் சாவியைக் கையில் எடுக்க முடியுமா, இதையெல்லாம் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

நல்ல டிரைவில் இது எப்படி நடக்கிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். டிரைவுக்குள் இருக்கும் சிப் தனக்குத்தானே ஒரு சாவியை உருவாக்கிக்கொள்ளும், 256 பிட் நீளமுள்ள ஒரு எண். எழுதப்படுவது எல்லாம் அந்தச் சாவியால் உருமாறித்தான் நினைவகத்தில் போய் உட்காரும். நாம் கொடுக்கும் பாஸ்வேர்ட் அந்தச் சாவி இல்லை. பீரோ சாவியை ஒரு சின்ன இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, அந்தப் பெட்டிச் சாவியை மட்டும் அம்மா இடுப்பில் செருகிக்கொள்வார் இல்லையா, அதே ஏற்பாடுதான். பாஸ்வேர்டிலிருந்து பிறக்கும் இன்னொரு சாவியால் முதல் சாவி பூட்டப்பட்டிருக்கும். அதனால்தான் பாஸ்வேர்டை மாற்றினால் ஒரு நொடியில் மாறிவிடுகிறது, டிஸ்க் முழுவதையும் மறுபடி எழுத வேண்டியதில்லை. அதேபோல முழு டிஸ்க்கையும் அழிக்க வேண்டும் என்றால் உள்ளே இருக்கும் அந்த ஒரு சாவியைத் தூக்கிப் போட்டால் போதும், மிச்சமெல்லாம் அர்த்தமில்லாத குப்பை. மணிக்கணக்காக உட்கார்ந்து பூஜ்யம் எழுத வேண்டாம்.

இனி டிரைவுக்கு வருகிறேன். கிங்ஸ்டன் அயர்ன்கீ வால்ட் பிரைவசி 80, 2022-இல் சந்தைக்கு வந்த வெளிப்புற எஸ்எஸ்டி. நான் வாங்கியது 960 ஜிபி. கையில் எடுத்தால் கனமாகத் தெரியும், மேலே ஒரு சின்ன வண்ணத் தொடுதிரை. கூடவே யூஎஸ்பி-சி கேபிள் ஒன்று, பழைய யூஎஸ்பி-ஏ துளைக்கு ஒன்று, ஒரு நியோப்ரீன் உறை. இந்த இரண்டாவது கேபிளை வைத்ததற்காகவே பாராட்டலாம், ஏனென்றால் நாங்கள் போகும் ஆபீஸ்களில் யூஎஸ்பி-சி துளை உள்ள கம்ப்யூட்டர் இன்னும் அபூர்வம்.

செருகினால் கரண்ட் மட்டும்தான் போகிறது, கம்ப்யூட்டரில் எதுவும் தெரியாது. திரை எரிகிறது, பாஸ்வேர்ட் கேட்கிறது. சரியாகக் கொடுத்த பிறகுதான் டிரைவ் தன்னைக் கம்ப்யூட்டருக்கு அறிமுகப்படுத்திக்கொள்கிறது. சாஃப்ட்வேர் கிடையாது, டிரைவர் கிடையாது, அட்மின் உரிமை கேட்பதும் கிடையாது. விண்டோஸ் 7 பெட்டி, மேக், என் வீட்டு உபுண்டு லேப்டாப் மூன்றிலும் சாதாரண டிஸ்க் மாதிரியே திறந்தது.

வெறும் எண்களாக பின் நம்பர் வைக்கலாம், அல்லது எழுத்துகளோடு வாக்கியமாகவும் வைக்கலாம், 6-இலிருந்து 64 எழுத்து வரை. எண் வைப்பவர்களுக்கு ஒரு நல்ல வசதி உண்டு, ஒவ்வொரு முறையும் எண்களின் இடத்தை மாற்றி மாற்றிக் காட்டச் சொல்லலாம். இன்றைக்கு 7 இருந்த இடத்தில் நாளைக்கு 2 இருக்கும். விரல் ரேகை எண்ணெய்ப் பிசுக்காகத் திரையில் படிந்தாலும் அதை வைத்து எண்ணைக் கண்டுபிடிக்க முடியாது, பக்கத்தில் நிற்பவர் விரல் போன திசையைப் பார்த்தாலும் பிரயோஜனமில்லை. நான் எண்ணை விட்டுவிட்டு வாக்கியத்துக்கு மாறிவிட்டேன். ஆங்கில எழுத்தில் தட்டிய ஒரு தமிழ் வாக்கியம், ஐந்து சொல். பாட்டி அடிக்கடி சொல்லும் ஒரு பேச்சு, எந்தப் புத்தகத்திலும் கிடையாது. அகராதியை வைத்து முட்டி மோதும் எந்த புரோகிராமுக்கும் அது சிக்காது, எனக்கோ தூக்கத்தில் கேட்டாலும் வரும்.

அட்மின், யூசர் என்று இரண்டு பாஸ்வேர்ட் வைக்கலாம் என்பது ஆபீஸுக்கு மிகவும் உதவுகிறது. ஆர்ட்டிகிள் கையில் யூசர் பாஸ்வேர்ட், என்னிடம் அட்மின். அவர் மறந்துவிட்டு நின்றால் நான் திறந்து புதிதாக வைத்துக் கொடுப்பேன். செப்டம்பர் கடைசி வாரம், டாக்ஸ் ஆடிட் கெடு தலைக்கு மேல் நிற்கும்போது, ஒருவர் புது பாஸ்வேர்டை மறந்துவிட்டு நாமக்கல்லிலிருந்து போன் செய்தார். அன்றைக்கு வேலை நின்றது, ஆனால் சாயங்காலம் ஆபீஸ் வந்ததும் இரண்டே நிமிஷத்தில் சரியாகிவிட்டது, ஒரு ஃபைலும் போகவில்லை. அட்மின் பாஸ்வேர்ட் மட்டும் ஆடிட்டர் சார் லாக்கரில் சீல் வைத்த கவரில் ஒரு பிரதி இருக்கிறது.

தொடர்ந்து தப்பாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்று காலி டிரைவில் வேண்டுமென்றே சோதித்துப் பார்த்தேன். ஆரம்ப அமைப்பில் 15 முறை. அட்மின் நினைத்தால் அதை 10-இலிருந்து 30 வரை மாற்றிக்கொள்ளலாம். பதினைந்தாவது தப்புக்குப் பிறகு சாவி அழிந்தது, டிரைவைப் புதிதாக அமைத்து ஃபார்மேட் செய்ய வேண்டியதாயிற்று. பத்துப் பன்னிரண்டாவது முறை தட்டும்போது, காலி டிரைவ் என்று தெரிந்தும் விரல் தயங்கியது.

படிக்க மட்டும் அனுமதிக்கும் முறை ஒன்று இருக்கிறது, அதைக் கட்டாயம் பயன்படுத்துங்கள். ஹார்ட்வேர் என்கிரிப்ஷன் பற்றிப் பலர் தவறாக நினைப்பது இங்கேதான். டிரைவ் திறந்திருக்கும் நேரத்தில் அது சாதாரண டிஸ்க்தான். அந்தக் கம்ப்யூட்டரில் ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் இருந்தால் நம் ஃபைல்களும் சேர்ந்தே போகும், உள்ளே இருக்கும் ஏஇஎஸ் எதுவும் செய்யாது. தொலைந்துபோனால், திருடுபோனால், ரிப்பேருக்குக் கொடுத்தால், பழசாகி விற்றால், அந்த நேரத்துக்கான காவல் இது. அதனால் தெரியாத கம்ப்யூட்டரில் செருகும்போது எழுதும் வழியை டிரைவிலேயே அடைத்துவிடுகிறேன், வைரஸ் என்ன தலைகீழாக நின்றாலும் உள்ளே ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் தானே பூட்டிக்கொள்ளும் வசதியும் உண்டு, நாங்கள் பத்து நிமிஷம் வைத்திருக்கிறோம். டீ குடிக்க எழுந்து போகிறவர்களுக்கு அது போதும்.

வேகத்தைப் பற்றிப் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். கம்பெனியே வினாடிக்கு 250 எம்பி வரை என்றுதான் சொல்கிறது. சாம்சங் டி7 மாதிரி ஒரு சாதாரண வெளிப்புற எஸ்எஸ்டி 1,050 எம்பி வரை போகும், அதோடு வைத்துப் பார்த்தால் இது கால்வாசி. 40 ஜிபி அளவுள்ள ஒரே பெரிய பேக்கப் ஃபைல் எனக்கு மூன்று நிமிஷத்துக்குள் ஏறியது. ஆயிரக்கணக்கான குட்டி ஸ்கேன் ஃபைல்கள் என்றால் காபி ஆறிவிடும். ஆடிட் வேலைக்கு இது தாராளம், 4கே வீடியோ எடிட் செய்பவர்களுக்குச் சுத்தமாக ஒத்துவராது. விலையும் அதே கொள்ளளவுள்ள சாதாரண எஸ்எஸ்டியைவிடப் பல மடங்கு. பாக்கெட்டில் போட முடியாத அளவு, ஏறக்குறைய 12 செ.மீ. நீளம், 8 செ.மீ. அகலம், இதைப் பையில்தான் வைக்க வேண்டும்.

சான்றிதழ் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த டிரைவுக்கு இருப்பது ஃபிப்ஸ் 197, ஃபிப்ஸ் என்பது அமெரிக்க அரசின் தர வரிசை. ஏஇஎஸ் கணக்கு சரியாகப் போடப்படுகிறது என்று அது உறுதி சொல்கிறது, அவ்வளவுதான். பெட்டியை உடைத்தால் என்ன ஆகும், சாவி எப்படிப் பாதுகாக்கப்படுகிறது என்பதையெல்லாம் சேர்த்துச் சோதிப்பது ஃபிப்ஸ் 140 வரிசை, அதில் மூன்றாம் நிலை கேட்கும் இடங்களுக்கு இதே கம்பெனியின் அயர்ன்கீ கீபேட் 200 பென் டிரைவ், அப்புறம் ஏப்ரிகார்ன், ஐஸ்டோரேஜ் போன்றவர்களின் மாடல்கள் இருக்கின்றன. எங்களுக்கு 197 போதும் என்று முடிவு செய்தேன். சாவியைத் தனியாகக் காக்கும் ஈஏஎல்5+ என்ற பாதுகாப்புத் தரச் சிப் ஒன்று உள்ளே இருக்கிறது, டிரைவை இயக்கும் உள் புரோகிராமான ஃபர்ம்வேர் கம்பெனியால் டிஜிட்டலாகக் கையொப்பமிடப்பட்டது என்பதால் அதை மாற்றி ஏமாற்றும் பேட்யூஎஸ்பி வகைத் தாக்குதலும் கஷ்டம். இந்த இரண்டும்தான் என்னை இதை நோக்கித் தள்ளின.

சான்றிதழை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு இதே துறையில் பாடம் இருக்கிறது. 2010 ஜனவரியில் சிஸ் என்ற ஜெர்மன் பாதுகாப்பு நிறுவனம் கிங்ஸ்டன், சான்டிஸ்க், வெர்பேட்டிம் மூவருடைய பாதுகாப்பு பென் டிரைவ்களையும் திறந்து காட்டியது. எல்லாம் ஃபிப்ஸ் 140-2 இரண்டாம் நிலைச் சான்று வாங்கியவை. ஏஇஎஸ்ஸை அவர்கள் தொடவே இல்லை. பாஸ்வேர்ட் சரியா என்று பார்த்தது கம்ப்யூட்டரில் ஓடிய ஒரு புரோகிராம். சரி என்றால் அது டிரைவுக்குத் "திற" என்று ஒரு செய்தி அனுப்பும், எல்லா டிரைவுக்கும், எந்தப் பாஸ்வேர்டுக்கும் அதே செய்தி. நேராக அந்தச் செய்தியை அனுப்பினால் வேலை முடிந்தது. கிங்ஸ்டன் அப்போது சில மாடல்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அயர்ன்கீ பென் டிரைவ் பிரிவு அவர்கள் கைக்கு வந்தது அதற்கெல்லாம் பிறகு, 2016-இல். நான் இப்போது பாராட்டும் டிரைவில் பாஸ்வேர்ட் சோதனை முழுக்க டிரைவுக்குள்ளேயே நடப்பதற்கு அந்தப் பழைய அடியும் ஒரு காரணம் என்றுதான் நினைக்கிறேன்.

கீபேட் வைத்திருந்தாலே போதும் என்றும் இல்லை. 2022-இல் அதே சிஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர் வெர்பேட்டிம் கீபேட் செக்யூர் பென் டிரைவைப் பிரித்து, எண்ணை வெளியில் வைத்தே ஒவ்வொன்றாக முயன்று கண்டுபிடிக்க முடியும் என்று காட்டினார். ஏஇஎஸ்தான் பயன்படுத்தியிருந்தார்கள், ஆனால் இசிபி என்ற பழைய முறையில். ஒரே மாதிரித் துண்டுகள் ஒரே மாதிரியே உருமாறும் என்பதால் உள்ளே இருப்பதன் வடிவம் வெளியே தெரிந்துவிடும். இப்போது நல்ல டிரைவ்களில் எக்ஸ்டிஎஸ் முறை, ஒரே துண்டு வேறு வேறு இடத்தில் இருந்தால் வேறு வேறாக உருமாறும். வாங்கும்போது விவரக் குறிப்பில் எக்ஸ்டிஎஸ் என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

இதைப் படித்துவிட்டு, "என் லேப்டாப் எஸ்எஸ்டியிலேயே ஹார்ட்வேர் என்கிரிப்ஷன் இருக்கிறதாமே, அது போதாதா?" என்று கேட்பீர்கள். எங்கள் ஆபீஸிலேயே கேட்டார்கள். ஓப்பல் என்ற தரத்தில் வரும் எஸ்எஸ்டிகள் எப்போதுமே உள்ளுக்குள் என்கிரிப்ட் செய்துகொண்டுதான் இருக்கும், ஆனால் நாம் பாஸ்வேர்ட் வைத்துப் பூட்டாத வரை, கேட்டவருக்கெல்லாம் திறந்து கொடுக்கும். பூட்டிய பிறகும் எவ்வளவு நம்பலாம் என்பதை 2018 நவம்பரில் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்லோ மேயர், பெர்னார்ட் வான் காஸ்டல் இருவரும் வெளியிட்ட ஆய்வு காட்டியது. குரூஷியல் எம்எக்ஸ்100, எம்எக்ஸ்200 இரண்டிலும் பாஸ்வேர்டுக்கும் சாவிக்கும் கணித ரீதியாகச் சம்பந்தமே இல்லை, போர்டில் இருக்கும் பழுது பார்க்கும் இணைப்பு வழியாகப் போய், பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் பகுதியை மாற்றிவிட்டால் எந்தப் பாஸ்வேர்டையும் ஏற்றுக்கொண்டது. சாம்சங் 840 ஈவோவில், பாஸ்வேர்ட் வைப்பதற்கு முன் இருந்த சாவியின் பழைய பிரதி நினைவகத்தில் எங்கேயோ அழியாமல் கிடந்தது. நான் உருவிப் பார்த்த அந்த மலிவுப் பெட்டியும் பெரிய கம்பெனி எஸ்எஸ்டியும் தரத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம், ஆனாலும் நோய் ஒரே குடும்பம்தான். வாட்ச்மேன் இருக்கிறார், பின்வாசலும் இருக்கிறது.

இதில் மோசம் என்னவென்றால், பிட்லாக்கர் அந்த எஸ்எஸ்டிகளை நம்பித் தன் வேலையை அவற்றிடம் ஒப்படைத்துவிட்டுச் சும்மா இருந்தது. நாம் பிட்லாக்கர் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டிருப்போம். 2019 செப்டம்பர் அப்டேட்டுக்குப் பிறகுதான் புதிதாகப் பூட்டும் டிரைவ்களுக்கு விண்டோஸ் தானே என்கிரிப்ட் செய்ய ஆரம்பித்தது. அதற்கு முன் பூட்டிய டிரைவ்கள் அப்படியேதான் இருக்கும். பழைய ஆபீஸ் லேப்டாப் வைத்திருப்பவர்கள் அட்மின் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து மேனேஜ்-பிடிஇ கட்டளையில் ஸ்டேட்டஸ் கேட்டுப் பாருங்கள். என்கிரிப்ஷன் மெத்தட் என்ற வரியில் எக்ஸ்டிஎஸ்-ஏஇஎஸ் என்று வந்தால் விண்டோஸ் செய்கிறது, ஹார்ட்வேர் என்று வந்தால் எஸ்எஸ்டியிடம் விட்டிருக்கிறது. எங்களிடம் 2017-இல் வாங்கிய ஒரு லேப்டாப்பில் ஹார்ட்வேர் என்றுதான் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, பூட்டை எடுத்து, மறுபடி சாஃப்ட்வேர் முறையில் போட்டேன். லேப்டாப்புக்குள் இருக்கும் டிஸ்க்குக்கு என் முடிவு இன்றைக்கும் சாஃப்ட்வேர்தான், அது நம் கம்ப்யூட்டர், நம் கீபோர்ட். கையில் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகும் டிஸ்க்குக்குத்தான் ஹார்ட்வேர். லினக்ஸ்காரர்களுக்கு இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாகப் போடும் வழி 2024 ஜனவரியில் வந்த கிரிப்ட்செட்டப் 2.7 என்ற டிஸ்க் பூட்டும் சாஃப்ட்வேரில் வந்துவிட்டது, ஒன்று பொய்த்தாலும் மற்றொன்று நிற்கும், எனக்கு அந்த யோசனை மிகவும் பிடித்திருக்கிறது.

கடைசியாகப் பேக்கப். இந்த மாதிரி டிரைவ் வாங்குபவர்கள் இதை யோசிக்காமல் வாங்கவே கூடாது. சாதாரண ஹார்ட் டிஸ்க் செத்தால் ரெகவரி கடைக்காரர் ஏதோ பாதியையாவது மீட்டுத் தருவார். இதில் போர்டு செத்தால் நினைவகச் சிப்பை உருவிப் படித்தாலும் அர்த்தமில்லாத எழுத்துதான் வரும், அப்படி வந்தால்தான் டிரைவ் ஒழுங்காக வேலை செய்கிறது என்று அர்த்தம். பாஸ்வேர்ட் மறந்தாலும் அதே கதி. ஸ்டெஃபான் தாமஸ் என்ற புரோகிராமர் கதை 2021-இல் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. 7,002 பிட்காயினுக்கான சாவியை ஒரு பழைய அயர்ன்கீயில் வைத்துவிட்டு, பாஸ்வேர்ட் எழுதிய சீட்டைத் தொலைத்துவிட்டார். பத்து வாய்ப்பில் எட்டு தீர்ந்துவிட்டது, இரண்டுதான் மிச்சம். கையில் வைத்துக்கொண்டு திறக்க முடியாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று அந்தக் காலி டிரைவில் பதினைந்து முறை தட்டியபோது எனக்குக் கொஞ்சம் புரிந்தது. அதனால் எங்கள் விதி இதுதான், இந்த டிரைவில் இருக்கும் எந்த ஃபைலும் இதில் மட்டும் இருக்கக் கூடாது. வெளியே போகும் முன் ஆபீஸ் சர்வரிலிருந்து ஏற்ற வேண்டும், திரும்பி வந்த அன்றே சர்வருக்கு இறக்க வேண்டும், இறக்கியதை ரிஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

வாங்கலாமா? அடுத்தவர் தகவலைக் கையில் எடுத்துக்கொண்டு பஸ்ஸிலும் பைக்கிலும் போகிற வேலை உங்களுடையது என்றால் வாங்குங்கள். ஆடிட்டர் ஆபீஸ், வக்கீல் ஆபீஸ், ஸ்கேன் சென்டர், ஊர் ஊராகப் போய்க் கணக்கெடுப்பு நடத்துகிறவர்கள் எல்லாருக்கும் பொருந்தும். வீட்டு போட்டோவைப் பத்திரமாக வைக்க என்றால் வேண்டாம், அதற்கு விலை அதிகம், அப்புறம் பாஸ்வேர்ட் மறந்தால் குழந்தையின் முதல் பிறந்தநாள் போட்டோவும் போய்விடும். அதற்கு இரண்டு சாதாரண டிஸ்க் வாங்கி ஒன்றை அண்ணன் வீட்டில் வைத்துவிடலாம். காசு குறைவு, ஆனாலும் பாதுகாப்பு வேண்டும் என்றால் சாதாரண டிஸ்க்கில் வெராகிரிப்ட் போட்டு, உங்கள் சொந்த லேப்டாப்பில் மட்டும் திறந்து பழகுங்கள். தயவுசெய்து அந்த மலிவான கீபேட் பெட்டிகளை மட்டும் வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால் பூட்டிவிட்டு ஸ்க்ரூவைக் கழற்றி நான் செய்த மாதிரி ஒருமுறை செய்து பாருங்கள்.

போன வாரம் கரூர் ஆடிட் மறுபடி ஆரம்பித்தது. அதே ஆர்ட்டிகிள்தான் போனார், இந்த வருஷம் அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். டிரைவின் பின்பக்கம் ஆபீஸ் போன் நம்பரை மட்டும் ஒரு லேபிளில் எழுதி ஒட்டியிருக்கிறோம். டிபன் பாக்ஸிலும் அதே நம்பர் இருக்கிறது.